பீஸ் லில்லி இலை விடுகிறது, பூக்கவில்லை

கும்பகோணம் வீட்டுக் கூடத்தில், டிவி பக்கத்தில் வைத்திருக்கும் பீஸ் லில்லி, வாங்கியபோது பூத்ததோடு சரி, ஒன்றரை வருஷமாக வெறும் இலைதான் என்று கேட்டிருந்தீர்கள். மாதாமாதம் ஒரு சிட்டிகை யூரியா வேறு.

முதலில் யூரியாவை நிறுத்துங்கள். வயல் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாச் செடிக்கும் அதுதான் மருந்து! தழைச்சத்து ஏறினால் இலைதான் தழைக்கும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை போதும்.

ஆனால் முக்கியக் குறை வெளிச்சம். இந்தச் செடி நிழலில் பிழைத்துக்கிடக்கும், பூக்காது. விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடமாகப் பாருங்கள். முற்றம் இருந்தால் தாழ்வாரத்து ஓரம் அருமை. நேர் வெயில் கூடாது, இலை வெந்துவிடும். கூடத்து மூலையிலிருந்து திண்ணைச் சன்னலுக்கு மாற்றிய பிறகுதான் என் செடியில், இலைக்காம்பின் மடிப்பிலிருந்து பச்சைச் சுருளாக மொட்டு எட்டிப் பார்த்தது.

அந்த முதல் பூவை நம்பாதீர்கள். ஜிப்ரெலிக் அமிலம் என்ற பயிர் ஹார்மோனைத் தெளித்துப் பூக்கவைத்து விற்பது நர்சரிகளில் வழக்கம்தான்.

தொட்டியை இப்போதைக்குப் பெரிதாக்க வேண்டாம். இலை நுனி கருகினால் போர்த் தண்ணீரின் உப்பாக இருக்கலாம்; மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள். அப்புறம், இது சேப்பங்கிழங்குக் குடும்பம், கடித்தால் வாய் எரியும். குழந்தை, பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.