பிறந்த பிள்ளையின் தலை ஏன் கோணலாக இருக்கிறது? உருட்டிவிட்டால் வட்டமாகுமா?

கேட்டிருப்பவர் முதல் பிள்ளை பெற்ற தாய். வக்யூம் பிடித்து, அதாவது தலையில் உறிஞ்சு கிண்ணம் பொருத்தி இழுத்து எடுத்த பிள்ளை. தலை பின்பக்கம் நீண்டு, ஒரு பக்கம் வீங்கியும் இருக்கிறது. குளிக்க வார்க்கும்போது தலையை உருட்டிவிட்டால் சரியாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உருட்டலாமா, இந்தக் கோணல் மூளையைப் பாதிக்குமா என்பது அவருடைய கேள்வி.

உருட்ட வேண்டாம். நீண்ட தலை தானாக வட்டத்துக்கு வரும், வீக்கமும் தானாக வற்றும், இந்தக் கோணலால் மூளைக்கு ஒன்றும் ஆகாது. யாழ்ப்பாணத்தில் பிரசவ விடுதியில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள் நான். பிள்ளையைக் கையில் வாங்கியதும் பல தாய்மார் முதலில் பார்ப்பது தலையைத்தான். பார்த்துவிட்டு வாய்திறந்து கேட்கப் பயந்து, வீட்டுக்குப் போய் அழுவார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிறக்கும்போது மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. நெற்றியில் இரண்டு, உச்சியின் இரு பக்கமும் இரண்டு, பிடரியில் ஒன்று என்று பெரிய தகடுகள் தனித்தனியாக நிற்கும். காதுப் பக்கத்தில் சிறியவை வேறு. இவற்றின் இடையில் இருப்பது மெல்லிய சவ்வுப் பொருத்துகள். தகடுகள் கூடும் மூலையில் உள்ள இடைவெளியைத்தான் உச்சிக்குழி என்கிறோம். முன்னால் பெரிதாக ஒன்று, பின்னால் சிறிதாக ஒன்று. பின்னால் உள்ளது இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்னால் உள்ளது பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும்.

மனிதருக்கு மூளை பெரிது. நிமிர்ந்து நடப்பதற்கேற்ற இடுப்பெலும்போ ஒடுக்கமானது. ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள தலை அந்த ஒடுக்க வழியால் வர வேண்டும். கூரைக்குக் கிடுகு வேயும்போது ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் ஏறுவது போல, இந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறிக்கொள்கின்றன. தலை ஒடுங்கி நீள்கிறது. பிறந்து சில நாளிலேயே தகடுகள் தங்கள் இடத்துக்குத் திரும்பத் தொடங்கும், ஒன்றிரண்டு கிழமையில் தலை வட்டமாகிவிடும். முதல் பிரசவத்திலும், வலி நீண்டுபோன பிரசவத்திலும் நீளம் கூடுதலாகத் தெரியும். வலி தொடங்குமுன் சிசேரியன் செய்து எடுத்த பிள்ளைகளின் தலை வட்டமாக இருப்பது அதனால்தான். வயிற்றில் தலை மேலேயும் கால் கீழேயுமாகக் கால்மாறி இருந்த பிள்ளையின் தலை நெற்றியிலிருந்து பிடரிவரை நீண்டு, உச்சி தட்டையாகத் தெரியும். அதுவும் மாறும்.

வீக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிறந்த உடனேயே தெரியும். தோலுக்குக் கீழே நீர் கோர்த்து மெத்தென்று இருக்கும், உச்சிக் கோட்டைத் தாண்டி இரு பக்கமும் பரவியிருக்கலாம். இது சில நாளில் வற்றிவிடும். வக்யூம் கிண்ணம் பட்ட இடத்தில் வட்டமாக எழும்பி நிற்பதும் இதைப் போன்றதே. மற்றது எலும்புக்கும் அதை ஒட்டிய சவ்வுக்கும் இடையில் இரத்தம் கசிந்து சேர்வது. இது பிறந்து சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோதான் வெளியே தெரியும். ஒரு எலும்பின் எல்லைக்குள்ளேயே நிற்கும், நடுக்கோட்டைத் தாண்டாது. வக்யூம் பிடித்த பிள்ளைகளுக்கும் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைகளுக்கும் இது கூடுதலாக வரும். வற்றுவதற்குப் பல கிழமை, சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு இந்த இரண்டாவது வகை வீக்கம் வந்தது. ஒத்தணம் கொடுக்கலாம் என்றார் ஒருவர், ஊசியால் குத்தி நீரை எடுக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டுமே கூடாது. குத்தினால் கிருமி உள்ளே போகும். அந்த வீட்டாரிடம் தலையை விட்டுவிட்டுத் தோலின் நிறத்தைப் பாருங்கள் என்றேன். தேங்கிய இரத்தம் உடைந்து உறிஞ்சப்படும்போது மஞ்சள் கூடலாம். அந்தப் பிள்ளைக்கும் கூடியது, ஆஸ்பத்திரியில் லைட்டில் வைத்தார்கள், தெளிந்தது. பிறகு வீக்கத்தின் ஓரம் கெட்டியாகி நடுவில் குழி விழுந்ததுபோலக் கைக்குத் தட்டுப்பட, எலும்பு உடைந்துவிட்டது என்று தாய் பதறினார். ஓரத்தில் சுண்ணாம்புச் சத்து படிவதால் அப்படித் தெரியும். தலை வளர வளர அதுவும் சமமாகிவிட்டது. உங்கள் பிள்ளையிலும் இப்படித் தட்டுப்பட்டால் முதலில் இதை நினையுங்கள், பிறகு டொக்டரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வக்யூம் பிடித்த பிள்ளையில் முதல் ஓரிரு நாளில் ஒன்றை மட்டும் தவறவிடக்கூடாது. வீக்கம் தளதளவென்று காதுப் பக்கத்துக்கும் பிடரிக்கும் பரவிக்கொண்டு போய், பிள்ளை வெளிறிச் சோர்ந்தால் அது அவசரம். அந்தக் கணமே ஆஸ்பத்திரிதான். இது அரிது.

இனி உருட்டுவது. பெரியவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். வெந்நீர், எண்ணெய், வார்க்கும் கையின் சூடு எல்லாம் பிள்ளைக்கு நல்லவை. அம்மம்மா வார்ப்பதை நிறுத்தச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை. தலையையும் மூக்கையும் அழுத்தக்கூடாது, அவ்வளவுதான். மண்டையோட்டைக் கையால் வடிவமைக்க முடியுமா என்பதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. தலை நீளமாக இருப்பது உயர்குடிக்கு அழகு என்று எண்ணிக் குழந்தையின் தலையைக் கட்டிவைத்த ஒரு மக்களைப் பற்றிக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரில் உள்ள நூலில் குறிப்பு உண்டு. பெரு நாட்டின் பராக்காஸ் பகுதியில் அப்படி நீட்டப்பட்ட மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. அவர்கள் துணியாலும் கட்டையாலும் மாதக்கணக்காக இறுக்கிக் கட்டினார்கள். எலும்பின் வடிவத்தை மாற்ற அத்தனை நேரம் விடாத அழுத்தம் வேண்டும். குளிக்க வார்க்கிற ஐந்து நிமிட உருட்டலால் அது நடக்காது. உருட்டிய பிள்ளையின் தலை வட்டமானதைப் பார்த்திருப்பார்கள், உண்மைதான். உருட்டாத பிள்ளைக்கும் அதே கிழமைகளில் வட்டமாகியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குக் கசிந்த இரத்தம் வேறு இருந்தால், உருட்டுவது நோவையும் கசிவையும்தான் கூட்டும்.

நீண்ட நேரம் விடாத அழுத்தம்தான் தலையின் வடிவத்தை மாற்றும் என்பதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிறக்கும்போது வட்டமாக இருந்த தலைகூட இரண்டாம் மூன்றாம் மாதத்தில் பிடரி சப்பட்டையாகலாம். பிள்ளை நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிறது, தலையைத் தானாகத் திருப்பக் கழுத்தில் பலமில்லை, முகத்தை ஒரே பக்கம் வைத்தால் அந்த இடம் தட்டையாகும். மேலிருந்து பார்த்தால் சாய்ந்த நாற்கோணம்போல, தட்டையான பக்கத்துக் காது சற்று முன்னால் தள்ளி நிற்கும். குறைமாதப் பிள்ளைகளிலும் இரட்டைப் பிள்ளைகளிலும் இது கூடுதல்.

அதற்காக மட்டும் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்துவிடாதீர்கள். முன்பு பல நாடுகளில் குப்புறப் படுக்கவைக்கும் வழக்கம் இருந்தது. குப்புறப் படுத்த பிள்ளைகள் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறப்பது கூடுதல் என்று கண்டபின், பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1992இலும் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1994இல் அது நாடு தழுவிய பிரசாரமானது. அந்த இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின. பிடரி சப்பட்டையான பிள்ளைகள் கூடினார்கள். பிடரி சப்பட்டையாவதைத் திருத்தலாம், ஆகவே தூக்கம் எப்போதும் மல்லாக்கத்தான்.

திருத்துவது எப்படி என்றால், பிள்ளை எந்தப் பக்கம் பார்க்க விரும்புகிறது என்று முதலில் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கட்டில் சுவரோடு ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் வெறும் சுவர், மறுபக்கம் தாயின் முகமும் யன்னல் வெளிச்சமும். பிள்ளை சுவரைப் பார்க்குமா? தலைமாட்டையும் கால்மாட்டையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் படுக்கவைக்கச் சொன்னேன். தாயின் முகத்தைத் தேடி அதுவே மறுபக்கம் திரும்பத் தொடங்கியது. பால் கொடுக்கும்போதும் தூக்கும்போதும் தோளை மாற்றுங்கள். பிள்ளை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, சில நிமிடம் குப்புற விடுங்கள். நெஞ்சில் கிடத்திக்கொண்டாலும் போதும். ஒரு நாளில் பல தடவை செய்தால் பிடரிக்கும் ஆறுதல், கழுத்துக்கும் பலம்.

ஏணை பற்றியும் சொல்ல வேண்டும். நாமெல்லாம் அம்மாவின் சேலையில் ஆடி வளர்ந்தவர்கள். ஆனால் மடிப்பான துணிக்குள் நாடி நெஞ்சில் இடித்தால் சிறு பிள்ளைக்கு மூச்சு முட்டும், தலையும் அசையாது. அழுகையை ஆற்ற, கண் முன்னால் வைத்துக்கொண்டு ஆட்டுங்கள். நீண்ட தூக்கம் சமமான, கெட்டியான படுக்கையில் இருக்கட்டும். காணொளிகளில் காட்டுகிற கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் ஒரு வயதுக்கு முன் வேண்டாம்.

எத்தனை மாற்றிப் படுக்கவைத்தாலும் பிள்ளை ஒரே பக்கம்தான் திரும்புகிறது, கழுத்து சாய்ந்தே நிற்கிறது என்றால் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கலாம். இதை நேரத்தோடு காட்டினால் இயன்மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சியாலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டொக்டர் கட்டாயம் பார்க்க வேண்டிய கோணல் வேறொன்று. சில பிள்ளைகளில் தகடுகளுக்கு இடையிலுள்ள பொருத்து ஒன்று நேரத்துக்கு முன்பே மூடிவிடும். ஏறத்தாழ 2000 முதல் 2500 பிறப்பில் ஒன்றுக்கு இது வரும். கோணல் குறையாமல் நாளுக்கு நாள் கூடும், பொருத்து இருக்கும் இடத்தில் விளிம்புபோல எலும்பு கைக்குத் தட்டுப்படும். உச்சியின் நடுப்பொருத்து மூடினால் தலை ஒடுங்கித் தோணிபோல நீளும். இதற்குச் சத்திரசிகிச்சை வேண்டிவரலாம், முதல் வயதுக்குள் செய்வதே நல்லது என்பதால் தாமதிக்கக்கூடாது. உச்சிக்குழி துடிப்பது இயல்பு. அது காய்ச்சலோடு புடைத்து நின்றாலும், வயிற்றோட்டத்தில் உள்ளே குழிந்து போனாலும் உடனே கொண்டு போங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் ஹெல்மெட் போட்ட பிள்ளையின் படம் அனுப்பி, இங்கே ஏன் போடுவதில்லை என்று கேட்பார்கள். படுத்ததால் வந்த சப்பட்டைக்கு ஹெல்மெட் போட்ட பிள்ளைகளையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. இரண்டு வயதில் பார்த்தபோது இரு பகுதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதனால் அது கிடைக்கவில்லையே என்று மனம் வருந்த வேண்டாம். பிள்ளை இருக்கவும் தவழவும் தொடங்கினால் பிடரியில் பாரம் குறையும், மயிரும் அடர்ந்து வரும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அந்த வீக்கத்தைக் காட்டி, மஞ்சள் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வது. இரண்டாம் மாத ஊசிக்குப் போகும்போது தலைச் சுற்றளவை அளந்து பிள்ளையின் புத்தகத்தில் குறிக்கக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வளர வேண்டும். அன்றைக்கே தலையை மேலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் சப்பட்டையாகத் தொடங்கியிருந்தால் அந்த வயதில் திருத்துவது சுகம்.