கோர்ட்டு மாலை தராது, தம்பி

அன்புள்ள மேடம்,

எனக்கு 31 வயது. சொந்த ஊர் காரைக்குடி பக்கம், வேலை கோவையில். நான் நேசிப்பது ஓர் ஆணை. இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். ஆத்தாவைப் (அம்மா) பொறுத்தவரை அவர் என் ரூம்மேட். நகரத்தார் வீட்டில் கல்யாணம் ஆனால்தான் கோயில் கணக்கில் தனிக் குடும்பமாக ஒரு புள்ளி. தம்பிகூட புள்ளியாகிவிட்டான். ஊருக்குப் போனால் "நீ எப்பய்யா?" என்பதுதான் பேச்சு.

2023-ல் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமை தரும், அதைக் காட்டி வீட்டில் பேசலாம் என்று காத்திருந்தோம். தரவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. அப்பச்சியிடம் (அப்பா) மட்டும் சொன்னேன். "டாக்டரைப் பார்த்தால் சரியாகிடும்" என்று ஜாதகத்தை எடுத்துவிட்டார். சட்டமே எங்களை ஏற்காதபோது நான் எதைச் சொல்லி மறுப்பது? பேசாமல் சம்மதித்துவிடலாமா?

*

அன்புள்ள தம்பி,

சம்மதிக்காதீர்கள். உங்கள் நிம்மதிக்காக மட்டும் சொல்லவில்லை. எதுவும் தெரியாமல் கழுத்தை நீட்டப்போகும் பெண்ணை நினைத்தும் சொல்கிறேன்.

இது நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றிவிடுகிறேன்' என்று சிகிச்சை தருவதை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடுத்தார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அப்பச்சியை என்னிடம் அழைத்து வாருங்கள். அவருடைய பயத்தைப் பற்றி அவரோடு பேசுகிறேன்.

இப்போது கோர்ட்டு விஷயம். ஐந்து நீதிபதிகளும் கல்யாண உரிமையை நாடாளுமன்றத்துக்கு விட்டார்கள். அது உங்களுக்கு நேர்ந்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அந்த வருத்தத்தை யாருக்காகவும் மறைக்க வேண்டாம். ஆனால் வழக்கில் முக்கியமாகக் கேட்டது சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவுத் திருமணம். ஜெயித்திருந்தாலும் கல்யாணத்துக்கு உங்கள் கோயிலிலிருந்து மாலை வந்திருக்காது, புள்ளியும் கிடைத்திருக்காது. அது பங்காளிகள் கூடி முடிவெடுக்க வேண்டியது. இரண்டு துக்கங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமக்கிறீர்கள். ஆத்தாவிடம் சொல்லும் வேலையை எந்தத் தீர்ப்பும் செய்து தந்திருக்காது.

சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்பது 2018-லேயே முடிந்த கதை. குடும்பமாவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஓரின இணைகள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024-ல் மத்திய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதைச் செய்துவிடுங்கள். சுயசம்பாத்தியத்துக்கு உயில் எழுதுங்கள். பூர்வீக வீட்டுப் பங்கு வேறு கணக்கு, வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இவ்வளவு எழுதிய நீங்கள், உங்களோடு வாழும் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஜாதகம் எடுத்தது அவருக்குத் தெரியுமா? முதலில் அவரிடம் பேசுங்கள். பிறகு, பெண் பார்க்க நாள் குறிப்பதற்குள், ஆத்தாவிடம். கூடப் பிறந்த தம்பி உங்கள் பக்கம் நிற்பார் என்றால் அவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.