எண்ணெய் உறையும் பாலைவனம்

என் கணவர் விமானப்படையில் இருந்தபோது ஜோத்பூரில் நான்கு வருடம் குடித்தனம் நடத்தியதைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பாலைவனத்துக்குப் போவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில்.

வாசகி, மன்னார்குடி: டிசம்பர் கடைசியில் நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், அறுபத்தெட்டு வயது மாமியார் நால்வரும் ஜெய்சல்மேர் போக நினைக்கிறோம். ரயில் நேரம் போக ஐந்து நாள் கிடைக்கும். சாம் மணல்மேட்டில் கூடாரம் போட்டுத் தங்கலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ரயிலைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். உங்கள் ஊரிலிருந்தே பகத் கி கோட்டிக்கு வாரம் ஒரு வண்டி இருக்கிறது. அது ஜோத்பூரிலேயே உள்ள ஸ்டேஷன்தான். இரண்டு இரவாவது வண்டியில் கழியும், அதனால் மாமியாருக்குக் கீழ் பெர்த்தாகப் பார்த்து முன்பே போட்டுவிடுங்கள். ஜோத்பூரில் ஒரு நாள் இளைப்பாறிவிட்டு ஜெய்சல்மேர் கிளம்பலாம். ரயிலும் உண்டு, காரில் போனால் ஐந்து மணி நேரம் ஆகும்.

தேதியை மட்டும் மாற்ற முடியுமா பாருங்கள். டிசம்பர் கடைசி வாரம் சாமில் திருவிழாக் கூட்டம். வாடகையும் ஏறியிருக்கும். பொங்கல் லீவு தோதாக இருக்கும்.

இப்போது மூட்டை. பாலைவனம் என்றதும் எல்லோரும் தொப்பி, கூலிங் கிளாஸ், காட்டன் சட்டை என்று அடுக்குகிறார்கள். நானும் அப்படித்தான் போய் இறங்கினேன். முதல் டிசம்பரில் ஒரு நாள் காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. அன்றைக்குப் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்து உருக்கினேன். மறுநாளே அகலவாய் டப்பா வாங்கி மாற்றி, குளிர்காலம் முழுக்க ஸ்பூனால் சுரண்டித்தான் தலைக்குத் தேய்த்தோம். பகலில் இருபத்தைந்து டிகிரி வெயில் இதமாக இருக்கும். இரவில் ஐந்து, ஆறுக்கு இறங்கிவிடும், சில நாள் அதற்கும் கீழே. மணல் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். காற்றில் ஈரம் இல்லாததால் பகல் சூட்டைப் பிடித்து வைக்க மேலே எதுவும் கிடையாது.

ஆகவே ஆளுக்கு ஒரு கனத்த ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ். மாமியாருக்கு உல்லன் சால்வை கூடுதலாக ஒன்று. உதட்டுக்கு வாஸ்லின் (மூன்றாம் நாள் வெடித்துவிடும்), போனுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். மணல் சார்ஜர் ஓட்டையில் புகுந்தால் லேசில் வராது. மணலில் வெறுங்காலோடு நடக்க ஆசையாக இருக்கும், நடங்கள், ஆனால் புல் இருக்கும் பக்கம் போகாதீர்கள். அங்கே ஒரு புல்லின் விதை முள் உருண்டையாகப் புடவை ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதுதான்.

கூடாரத்துக்கு வருகிறேன். நாங்கள் முதல் தடவை தங்கிய இடத்தில் ராத்திரி பதினொன்று வரை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. இரண்டு பேருக்கு ஒரு ரஜாய் கொடுத்தார்கள், அதாவது பஞ்சு மெத்தைப் போர்வை. அப்போது என் மகனுக்கு ஆறு வயது. என் புடவைத் தலைப்பையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு படுத்தான். அதனால் முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஆளுக்கு ஒரு ரஜாய் உண்டா, குளியலறை கூடாரத்தோடு சேர்ந்ததா, பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும்.

சாம், ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர். மணல்மேடு பெரிது, கூட்டமும் பெரிது. தென்மேற்கே கூரி என்று ஒரு கிராமம் இருக்கிறது. மேடு சின்னதுதான், ஆனால் ராத்திரி நாய் குரைப்பது தவிர வேறு சத்தம் இருக்காது. நானாக இருந்தால் கூரிதான். போகும் தேதியைத் தினசரிக் காலண்டரில் பாருங்கள். அமாவாசையை ஒட்டி என்றால் நட்சத்திரம், பௌர்ணமி என்றால் மணலே பால் மாதிரி தெரியும். இரண்டுக்கும் நடுவில் போனால் இரண்டுமே அரைகுறை. சூரியோதயம் பார்க்க நாலு மணிக்கு எழுந்து எல்லோரையும் வதைக்காதீர்கள், ஜனவரியில் அங்கே ஏழே காலுக்குப் பிறகுதான் விடியும்.

வாத்தியக்காரர்கள் வந்தால் மைக்கை அணைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள். பரம்பரையாகப் பாடும் மாங்கணியார்கள் அவர்கள். கமாய்ச்சா என்று வில் போட்டு இழுக்கும் வாத்தியம் ஒன்று, அப்புறம் கடதால். கடதால் என்பது கிட்டத்தட்ட நம் சிப்ளாக்கட்டை, சலங்கை மட்டும் இல்லை. நாலு மரத்துண்டில் அந்த வேகம் எப்படி வருகிறது என்று உங்கள் மகள் கேட்பாள், பக்கத்தில் போய் விரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள் இரண்டு நாள் வேண்டும். கோட்டை 1156இல் ராவல் ஜெய்சல் கட்டியது. இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, வாசலில் துணி காய்கிறது. உள்ளேயே ஓட்டல்கள் உண்டு, ஆனால் தங்குவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரே அரிதாக இருந்த காலத்துக் கட்டடம் அது. இப்போது எல்லாரும் குழாய் திறந்து குளித்துக் குளித்து, கழிவுநீர் அடியில் இறங்கி அஸ்திவாரத்தைக் கெடுத்திருக்கிறது.

வாசகர், திருநெல்வேலி: எனக்கு எழுபது வயது. ஒட்டகத்தில் ஏறலாமா?

முட்டி நன்றாக இருந்தால் ஏறலாம். ஏறுவதில் கஷ்டம் இல்லை, அது எழுந்திருப்பதில்தான் இருக்கிறது. ஒட்டகம் பின்னங்காலை முதலில் நிமிர்த்தும், நாம் குப்புறப் போவோம். உட்காரும்போது முன்னங்காலை மடக்கும், அப்போதும் முன்னால்தான் போவோம். இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து சேணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் தொடை இரண்டும் மறுநாள் பேசும். சந்தேகம் இருந்தால் ஒட்டக வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்காரலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வாசகி, சேலம்: மே மாதம் ஓட்டல் வாடகை பாதிதான் என்கிறார்கள். போகலாமா?

வேண்டாம். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடையில் பலோடி என்று ஓர் ஊர், 2016 மே மாதம் அங்கே 51 டிகிரி பதிவானது. போதாததற்கு 'ஆந்தி' என்கிற புழுதிக் காற்று. ஜன்னலை மூடி ஈரத்துணி செருகி வைத்தும், அன்று வடித்த சோறு பல்லில் நறநறத்தது.

வாசகர், விருத்தாசலம்: பாலைவனத்தில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. கம்பு ரொட்டி, கடி (கடலை மாவு போட்ட மோர்க்குழம்பு மாதிரி), தால் பாட்டி (பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை) எல்லாம் தெருவுக்குத் தெரு. ஆனால் உங்கள் ஊர்க்காரருக்கென்றே ஒரு பதார்த்தம் சொல்கிறேன், கேர் சாங்ரி. கேர் என்பது பாலைவனப் புதரில் காய்க்கும் சின்னக் காய், சாங்ரி என்பது அவர்கள் கேஜ்ரி என்று சொல்லும் மரத்தின் காய். அந்த மரம் வேறொன்றுமில்லை, உங்கள் கோயில் தலவிருட்சமான வன்னிதான்! மழை பொய்த்த வருடங்களில் மனிதருக்குக் காய், ஆட்டுக்கு இலை என்று காப்பாற்றிய மரம். ஜோத்பூர் பக்கம் கேஜட்லி கிராமத்தில் 1730இல் அரசன் ஆட்கள் இதை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி முதலாக 363 பிஷ்னோய்கள் (மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்டவர்கள்) மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார்கள்.

காய்ந்த சாங்ரியும் கேரும் ஜோத்பூர் கடைத்தெருவில் கிடைக்கும், கால் கிலோ வாங்கி வாருங்கள். ராத்திரியே ஊற வைக்க வேண்டும். மறுநாள் வேக வைத்து, நல்ல காரமும் மாங்காய்ப் பொடியும் போட்டு எண்ணெயில் வதக்குங்கள். ஊற வைக்க மறந்துவிட்டால் அன்றைக்கு வேறு கறி செய்துவிடுங்கள், குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் சுள்ளி சுள்ளியாகத்தான் இருக்கும்.