விண்டோஸ் 7 கணினிக்கும் விண்டோஸ் 11 மடிக்கணினிக்கும் இடையில் கோப்புப் பகிர எஸ்எம்பி 1 தேவையா?

கேட்டவரின் வீடு முல்லைத்தீவுப் பக்கம். பழைய மேசைக் கணினியில் விண்டோஸ் 7, புதிய மடிக்கணினியில் விண்டோஸ் 11. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்று மற்றதைக் காட்டவில்லை. "எஸ்எம்பி 1-ஐ இயக்கு, ஃபயர்வாலை நிறுத்து" என்று சொல்கிறார்களாம். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புப் பகிரக் கதைக்கும் முறை, எஸ்எம்பி 1 அதன் முதற்பதிப்பு. ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறிக்கும் காவல். இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

செய்ய வேண்டாம். விண்டோஸ் 7-க்கும் 11-க்கும் இடையில் எஸ்எம்பி 1 தேவையே இல்லை. இதே சிக்கலோடு கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பழைய கணினியில் இருப்பவை அம்மாவின் படங்கள். 2009 இடம்பெயர்வில் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மா அப்பாவின் கல்யாணப் படங்களின் பிரதிகள் கனடாவில் பெரியம்மாவிடம் இருந்தன. அவர் ஸ்கான் செய்து சீடியில் அனுப்பினார். அந்த சீடி இப்போது எந்தக் கணினியிலும் வாசிக்காது. மிச்சம் இருந்தது விண்டோஸ் 7 கணினியின் ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதுவும் கறகறவென்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. தங்கை தன் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு கொம்பியூட்டரும் காட்டுதில்லை" என்றாள். அம்மா கதவடியில் நின்று, "தம்பி, படங்கள் போயிடாதே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. டவுனில் ஒரு கடையில் விசாரித்தபோது உங்களுக்குச் சொன்ன அதே இரண்டு ஆலோசனைகளைத்தான் எனக்கும் சொன்னார்கள்.

அந்த ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.  விண்டோஸ் எக்ஸ்பிக்கு எஸ்எம்பியின் முதற்பதிப்பு மட்டுமே தெரியும். விஸ்டாவோடு 2.0 வந்தது, விண்டோஸ் 7-இல் 2.1, விண்டோஸ் 8-இல் 3.0, விண்டோஸ் 10-இல் 3.1.1. இரண்டு கணினிகள் சந்தித்தால் இரண்டுக்கும் தெரிந்தவற்றில் உயர்ந்த பதிப்பைத் தாங்களே தெரிவுசெய்துகொள்ளும். ஆகவே உங்கள் விண்டோஸ் 7-உம் 11-உம் 2.1-இல் கதைத்துக்கொள்ளும். எஸ்எம்பி 1-க்கு அங்கே வேலையே இல்லை.

பிறகு ஏன் அதை இயக்கினால் சரிவருகிறது என்கிறார்கள்? காரணம், எக்ஸ்புளோரரில் "நெட்வொர்க்" என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதில் கணினிகளின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்த பழைய சேவை எஸ்எம்பி 1-ஐ நம்பி ஓடியது. 2017 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஏற்கனவே அது இருக்கும் கணினியிலும் 15 நாள் பாவிக்காமல் விட்டால் தானாகவே நீங்கிவிடும். பட்டியலும் அதோடு போய்விட்டது. எஸ்எம்பி 1-ஐத் திரும்பப் போட்டால் பட்டியல் சிலவேளை மறுபடி தெரியும். அதைப் பார்த்துவிட்டு, பகிர்வதற்கே அது வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். பட்டியலில் தெரியாமல் இருப்பது வேறு, உள்ளே போக முடியாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதைச் சோதிக்க ஒரு வழி. பழைய கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து "ஐபிகான்ஃபிக்" (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். 192.168.1.4 போல ஒரு முகவரி வரும். மடிக்கணினியின் எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.1.4 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறது, திறப்பு, அதாவது சரியான பெயரும் கடவுச்சொல்லும் மட்டும்தான் வேண்டும். கனநேரம் சுழன்றுவிட்டு "பாதை கிடைக்கவில்லை" என்று 80070035-இல் முடியும் பிழை வந்தால் வழியில் ஏதோ மறிக்கிறது.

வழியில் மறிப்பது பெரும்பாலும் நெட்வொர்க்கின் வகை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டிஸில் "பப்ளிக்" இருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள். புதிய வைஃபை எதையும் விண்டோஸ் 11 பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும், அப்போது உள்ளே வரும் கதவு பூட்டியிருக்கும். விண்டோஸ் 7-இல் "வொர்க் நெட்வொர்க்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். "ஹோம்" கொடுத்தால் அது ஹோம்குரூப் என்ற வசதியைத் தேடும். அந்த வசதியை 2018-இல் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். இரண்டு கணினியிலும் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கையும் இயக்குங்கள். ஃபயர்வாலை நிறுத்த வேண்டியதில்லை, இந்த ஒரு வழியை மட்டும் ஃபயர்வாலே திறந்துவிடும். வேறு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் போட்டிருந்தால் அதற்கென்று தனி ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்கள்.

எங்கள் வன்னிப் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பது சிம் போடும் 4ஜி றவுட்டர். அதில் "கெஸ்ட்" வைஃபை என்று இரண்டாவது பெயர் ஒன்று இருந்தால் இரண்டு கணினிகளும் ஒரே பெயரில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். கெஸ்ட் பக்கத்தில் இருப்பவை வழக்கமாக மற்றவற்றைப் பார்க்க முடியாது. சில றவுட்டர்களில் "ஏபி ஐசோலேஷன்" என்று ஓர் அமைப்பு உண்டு. அது இயங்கினால் ஒரே வைஃபைக்குள்ளேயே கருவிகள் ஒன்றையொன்று காணாது, ஆனால் இணையம் ஒழுங்காக வேலை செய்யும். அதனால்தான் இது இலகுவில் பிடிபடுவதில்லை.

இனித் திறப்பு. எங்களுக்கு மூன்று நாள் போனதே இதில்தான்.

மடிக்கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. தங்கை தன் நான்கு இலக்கப் பின் எண்ணை அடித்தாள். பிழை. மறுபடி அடித்தாள். பிழை. அந்தப் பெட்டி கேட்பது நீங்கள் இருக்கும் கணினியின் கடவுச்சொல்லை அல்ல, நீங்கள் போக நினைக்கும் கணினியின் கடவுச்சொல்லை. பின் எண்ணோ அந்தக் கணினியை விட்டு வெளியே செல்லுபடியாகாது. எங்கள் பழைய கணினியில் கடவுச்சொல்லே வைத்திருக்கவில்லை, திறந்தால் நேரே உள்ளே போகும். அதுதான் பெரிய தடை. கடவுச்சொல் இல்லாத கணக்கை வைத்து வலையமைப்பு வழியாக உள்ளே வர விண்டோஸ் விடாது, கணினியின் முன்னால் இருந்து திறக்க மட்டுமே விடும்.

நான் கடைசியில் செய்தது இதுதான். இரண்டு கணினியிலும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லோடு பகிர்வதற்கென்றே ஒரு புதிய உள்ளூர்க் கணக்கு. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போனால், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் ஒருவரைச் சேர்க்கும் வழி இருக்கிறது. பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பிறகு அந்தப் பெட்டியில் பெயரை அடிக்கும்போது முதலில் பழைய கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அதன்பின் கணக்கின் பெயர் என்று எழுதுங்கள். முன்பு பிழையான கடவுச்சொல்லைச் சேமித்திருந்தால் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜருக்குப் போய் அதை அழியுங்கள். இல்லாவிட்டால் அது கேட்காமலே பழையதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

"கடவுச்சொல் கேட்காமல் பகிர்" என்ற அமைப்பைப் போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. ப்ரோ பதிப்பில் ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பும் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது இயல்பான விதி. கையொப்பம் என்பது தரவை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் அடையாளம். கெஸ்ட்டாக, அதாவது கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போகிறவருக்குக் கையொப்பமிட ஒரு சாவி கிடைக்காது. அதனால் "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். வீட்டுக் கணினியில் நிறுவனம் எங்கே வந்தது என்று குழம்ப வேண்டாம். கடவுச்சொல் உள்ள கணக்கோடு போனால் விண்டோஸ் 7 கையொப்பமிடும், இணைப்பும் கிடைக்கும்.

உள்ளே போன பிறகு கோப்புறை தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறதா? அங்கே அனுமதி இரண்டு அடுக்கில் இருக்கிறது. கோப்புறையின் ப்ராப்பர்ட்டிஸில் "ஷேரிங்" ஒன்று, "செக்யூரிட்டி" ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். புதிய கணக்கை இரண்டிலும் சேருங்கள். சி டிரைவ் முழுவதையும் பகிராதீர்கள், படங்கள் உள்ள கோப்புறை மட்டும் போதும்.

இதெல்லாம் சரிவந்து ஒரு கிழமை நன்றாக இருந்தது. மாரி மழை தொடங்கிக் கரண்ட் போய் வந்த அன்று மறுபடி "பாதை கிடைக்கவில்லை". பழைய கணினியின் முகவரி 192.168.1.4-இலிருந்து 192.168.1.7 ஆகியிருந்தது. றவுட்டர் நின்று மறுபடி எழும்பும்போது முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டுவிடக்கூடும். யாருடைய தொலைபேசி முதலில் இணைகிறதோ அது அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். றவுட்டரின் அமைப்பில் "டிஎச்சிபி ரிசர்வேஷன்" என்று இருக்கும். அங்கே பழைய கணினிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் எங்கள் இடங்களில் இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு மழைக்கும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

நெட்வொர்க் பக்கத்திலும் பெயர் தெரிய வேண்டும் என்றால் இரண்டு கணினியிலும் சர்வீசஸில் "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்" என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கித் தொடக்கிவிடுங்கள். பழைய பட்டியலின் இடத்தில் இப்போது வேலை செய்வது இதுதான்.

எக்ஸ்பி கணினியும் இருந்தால் கதை வேறு. அதற்கு எஸ்எம்பி 1 தவிர எதுவும் தெரியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற கொள்ளை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் அது. அம்மாவின் படங்கள் உள்ள வீட்டில் அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனம் வராது. விண்டோஸ் 7-க்குப் பழைய மொழியும் தெரியும், 2.1-உம் தெரியும். ஆகவே எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு, அங்கிருந்து 11-க்கு என்று இரண்டு படியாகக் கொண்டுவரலாம். அந்த நேரம் றவுட்டரின் சிம்மைக் கழற்றிவிடுங்கள். கொஞ்சக் கோப்புகள் என்றால் பென் டிரைவே போதும். ஃபாட்32 வடிவில் இருக்கும் பென் டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு தனிக் கோப்பு ஏறாது, கல்யாண வீடியோ வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

நிறையப் படங்கள் என்றால் வைஃபையை விட்டுவிட்டு லான் கேபிளால் றவுட்டரில் இணையுங்கள். பழைய 100 எம்பிபிஎஸ் கார்டிலேயே செக்கனுக்கு 11 எம்பி அளவில் போகும், 60 ஜிபி ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். நடுவில் கரண்ட் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடவேண்டி வரும். அதனால் எக்ஸ்புளோரரில் இழுத்துப் போடாமல் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பாவித்தேன். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஏற்கனவே வந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். எங்களுக்கு இரண்டு தரம் கரண்ட் போனது, ஒரு படமும் தவறவில்லை. கல்யாணப் படம் மடிக்கணினித் திரையில் வந்ததும் அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னா. ஹார்ட் டிஸ்க் கறகறத்தால் பகிர்வதைச் சரிசெய்து முடிக்கும்வரை காத்திராதீர்கள், முக்கியமானவற்றை அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. அப்பா பழைய கணினியில் எழுதி வைத்த காணிக் கடிதங்களை மடிக்கணினியில் திறந்தபோது தமிழ் இல்லை, வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரிந்தன. வரும் வழியில் கோப்புக் கெட்டுவிட்டது என்று தங்கை பயந்துவிட்டாள். கெடவில்லை. அவை பாமினியில் எழுதியவை. பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை அல்ல, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். பழைய கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும் எடுத்து வந்து மடிக்கணினியில் நிறுவினோம். கடிதங்கள் அப்பா எழுதியபடியே திறந்தன.