எட்டாக மடித்த தாள்

அன்புள்ள அக்கா,

போன வாரம் பரணை ஒழித்தபோது என்னுடைய பழைய பதின்வயதுப் பத்திரிகைகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. ப்ளோ-அப் படங்களைப் பிரித்தெடுத்துச் சுவரில் ஒட்டியிருந்ததால் பல இதழ்களில் நடுப்பக்கமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து இருட்டும்வரை படித்தேன். கணவர், “இந்தக் குப்பையையா இத்தனை வருஷம் வைத்திருந்தாய்?” என்றார். சுருக்கென்றது. ஆனால் புரட்டப் புரட்ட, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றிவிட்டது. முகப்பரு க்ரீம் விளம்பரம், ‘அவனுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதா?’ என்று பத்துக் கேள்விகள், மதிப்பெண் பட்டியல்.

நீங்களும் இப்படியொரு பத்திரிகையில்தான் வேலையைத் தொடங்கியதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இன்னொன்று. என் மகள் படிப்பை முடித்துவிட்டுப் பத்திரிகை வேலை தேடுகிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் இதழில் வாய்ப்பு வந்திருக்கிறது. போகட்டுமா, இல்லை கனமான இடமாகக் கிடைக்கும்வரை காத்திருக்கட்டுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு 21 வயது. முதல் நாள் ஒரு தபால் பையை மேசையில் கவிழ்த்துவிட்டு, பிரித்து வை என்றார்கள். கதை, கவிதை ஒரு குவியல். பாடகர், நடிகர் முகவரி கேட்பவை ஒரு குவியல். கேள்வி-பதில் பகுதிக்கு வந்தவை ஒன்று. ஒரு மாதத்தில், மூன்றாவது வகையை உறையைத் தொட்டதுமே கண்டுபிடிக்கும் அளவுக்குக் கை பழகிவிட்டது. பசை போதாதென்று அதன்மேல் டேப்பும் ஒட்டியிருக்கும். உள்ளே நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள், உள்ளங்கைக்குள் அடங்குகிறாற்போல எட்டாக மடித்து. பின்பக்கம் பாதியில் நின்ற கணக்கு. பெயர் இருக்காது. “பதிலை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், பத்திரிகையிலேயே போடுங்கள்” என்ற கடைசி வரி மட்டும் தவறாமல் இருக்கும்.

அதில் ஒரு கடிதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. மூன்றே வரி. தோழிகள் எல்லாரும் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், காரணம் கேட்டால் சிரிக்கிறார்கள், இனிமேல் இடைவேளையில் நான் எங்கே போய் நிற்பது என்று கேட்டிருந்தாள்.

அதற்கு நான் ஒரு பக்கம் எழுதினேன். தன்னம்பிக்கை, உண்மையான நட்பு, காலம் எல்லாவற்றையும் ஆற்றும், எல்லாம் வந்தது. எங்கள் பத்திரிகை ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவால் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்தார். “எங்கே நிற்பது என்று கேட்டிருக்கிறாள். நீ அதற்கு எங்கேயாவது பதில் சொல்லியிருக்கிறாயா?” என்றார். மீண்டும் எழுதினேன். நூலகத்துக்குப் போ, அங்கே தனியாக உட்கார்ந்திருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். உன்னைப் போலவே தனியாக வருகிற இன்னொருத்தியை ஒரு வாரத்தில் நீயே கவனிப்பாய். அவளிடம் என்ன புத்தகம் என்று மட்டும் கேள். அவ்வளவுதான். ஆசிரியை அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்பினார். என்ன கேட்கப்பட்டதோ அதற்குப் பதில் எழுது என்ற அந்த ஒரு பாடத்தில்தான் எழுத்தில் இன்றுவரை என் காலம் ஓடுகிறது.

ஒரு வேதனையும் அதில் உண்டு. மாத இதழ் என்றால் இரண்டு, மூன்று மாதம் முன்னாலேயே பக்கங்கள் முடிந்திருக்க வேண்டும். வண்ணப் பக்கங்கள் இன்னும் முன்னால் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பதில் கிடைத்தபோது அவள் எத்தனை இடைவேளைகளை எப்படிக் கழித்திருப்பாள் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அதனால்தான் ஆசிரியை, கேட்டவளுக்கு எழுது, ஆனால் இதழ் வருகிற அன்று அதே இடத்தில் புதிதாக மாட்டிக்கொண்டு நிற்கிறவளுக்கும் உதவுகிற மாதிரி எழுது என்பார்.

உலகம் முழுக்க இந்தப் பத்திரிகைகளின் உயிர் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பிரிட்டனில் 1964இல் தொடங்கிய ‘ஜாக்கி’ 1970களில் வாரம் 6 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதில் கடிதங்களுக்குப் பதில் சொன்ன கேத்தியும் கிளேரும் நிஜ மனிதர்கள் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்தப் பெயர்களில் எழுதினார்கள். ஜெர்மனியின் ‘பிராவோ’வில் 1969 முதல் டாக்டர் ஸோமர் என்ற பெயரில் எழுதியவர் மார்ட்டின் கோல்ட்ஸ்டைன் என்ற மருத்துவர். வீட்டிலும் பள்ளியிலும் வாய் திறக்க முடியாத உடல் சார்ந்த கேள்விகளுக்கு அவர் நேரடியாகப் பதில் சொன்னார். கண்டனங்கள் வந்தன. கடிதங்கள் வருவது நிற்கவில்லை. எல்லாவற்றையும் தேடிப் பார்த்துக்கொள்ளும் காலத்தில் இருக்கும் நமக்கு, கேட்க ஆளே இல்லாத ஒரு பிள்ளைக்கு அச்சில் வரும் நாலு வரி என்னவாக இருந்திருக்கும் என்பது மறந்துபோகிறது.

உங்கள் கணவர் சொன்னதில் நியாயமான பகுதியும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ‘நான் குண்டாக இருக்கிறேன், வெளியே போகவே பிடிக்கவில்லை’ என்ற கடிதத்துக்கு உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதுவேன். இதழ் அச்சாகி வந்தால் எதிர்ப்பக்கத்தில் எடை குறைப்பு விளம்பரம் இருக்கும். இருமுறை கேட்டேன். விளம்பரப் பக்கங்களை முடிவு செய்வது வேறு மாடி என்றார்கள். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். 2012இல் அமெரிக்காவில் 14 வயதுப் பெண் ஒருத்தி, மாதம் ஒரு பக்கமாவது கணினியில் திருத்தாத நிஜப் பெண்களின் படத்தைப் போடுங்கள் என்று ‘செவன்டீன்’ இதழுக்கு மனு அனுப்பினாள். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பெண்களின் உடல், முக வடிவத்தை மாற்ற மாட்டோம் என்று இதழ் அச்சிலேயே வாக்குக் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நாங்கள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்த வருடங்கள் என் தொண்டையில் வந்து நின்றன.

இனி உங்கள் மகள். அதே ‘செவன்டீன்’ பலமுறை திருப்பி அனுப்பிய பிறகு, 1950 ஆகஸ்ட் இதழில் 17 வயதுப் பெண்ணின் கதை ஒன்றை வெளியிட்டது. அவர்தான் பின்னாளில் பெயர்பெற்ற கவிஞர் சில்வியா பிளாத். பின்னாளில் பிரிட்டனின் சிறார் இலக்கியத்தில் பெரும்பெயராக விளங்கிய ஜாக்குலின் வில்சன், 17 வயதில் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, டண்டீ நகரில் ‘ஜாக்கி’யின் பதிப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். ‘பெட் ஷாப் பாய்ஸ்’ இசைக்குழுவின் நீல் டென்னன்ட், புகழ்பெறும் முன் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்ற இளைஞர் இதழில் உதவி ஆசிரியர். இவர்களை நான் அடுக்குவது உங்கள் மகளும் இப்படி வருவாள் என்று ஆசை காட்ட இல்லை. அந்த இடத்தை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை என்பதற்காக.

காத்திருக்க வேண்டாம், போகச் சொல்லுங்கள். சின்ன இதழ்களில் ஆள் குறைவு. அதனால் படத்துக்கு வாசகம் எழுதுவதிலிருந்து புரூஃப் பார்ப்பது வரை எல்லாம் கைக்கு வரும். பக்கத்தில் மூன்று வரி அதிகமாகிவிட்டால் எந்த மூன்று வரியை எடுப்பது என்று தானே முடிவு செய்வாள். பெரிய இடத்தில் அதற்குப் பல வருடம் ஆகும். சேரும் முன் இரண்டு விஷயம் மட்டும் விசாரிக்கட்டும். வாசகர்கள் எழுதுவதை அங்கே யார் படிக்கிறார்கள்? எதிர்ப்பக்கத்தில் என்ன வருகிறது என்று கேட்க ஆசிரியருக்கு உரிமை உண்டா? முதல் கேள்விக்கு யாரும் படிப்பதில்லை என்று பதில் வந்தால், அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி அவளே கேட்கலாம்.

‘ஜாக்கி’ 1993இல் நின்றது. அமெரிக்காவின் ‘டீன் வோக்’ இதழ் அச்சில் வருவது 2017இல் முடிந்தது. நான் வேலை பார்த்த இதழும் இப்போது இல்லை. எங்களுக்கு வந்த கடிதங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிடுவோம். எழுதிய பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு அது.

உங்கள் பெட்டியை ஒருமுறை மீண்டும் திறந்து பாருங்கள். நடுப்பக்கம் ஏன் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். கேள்வி-பதில் பக்கத்தில் எங்காவது கத்தரித்து எடுத்த சதுர ஓட்டை இருக்கிறதா? இருந்தால், அதில் என்ன இருந்தது என்று நினைவிருந்தால், எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா