வளைகுடாப் போர் வீரர்களுக்கு இன்னும் என்ன உதவி தேவை?

தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்துவிட்டதே, குவைத்தை ஆக்கிரமித்த ஈராக்கை எதிர்த்து நடந்த 1991 வளைகுடாப் போர் வீரர்களுக்கு இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஏன் உதவி என்று கேட்டிருக்கிறீர்கள். போர்தான் சீக்கிரம் முடிந்தது; நோய் முடியவில்லை.

ஏறத்தாழ 7 லட்சம் அமெரிக்க வீரர்கள் போனார்கள். திரும்பியவர்களுக்கு நியூயார்க்கில் காகித மழை பொழிய ஊர்வலம் நடந்தது. பிறகு பலருக்குத் தீராத அசதி, மூட்டுவலி, மறதி. பரிசோதனைகளில் எதுவும் சிக்காததால் "எல்லாம் மன அழுத்தம்" என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள் ஏராளம்.

1991 மார்ச்சில் ஈராக்கின் கமிசியா ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் படையே வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே சாரின் நச்சு நிரப்பிய ராக்கெட்டுகள் இருந்ததை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் ஒப்புக்கொண்டது 1996இல்தான். ஐந்து ஆண்டு மௌனம்! நச்சுத்தாக்குதலுக்கு முன்காப்பாக விழுங்கவைத்த மாத்திரைகளும் பூச்சிக்கொல்லிகளுமே நோய்க்குக் காரணம் என்று 2008இல் அரசு நியமித்த ஆய்வுக்குழு கூறியது.

என் பார்வையில், 1994இல் வந்த சட்டம்தான் உண்மையான மரியாதை: காரணம் கண்டறியப்படாத நோய்க்கும் இழப்பீடு உண்டு. 2022 சட்டம் முகாம்களில் குப்பை எரித்தது போன்றவற்றின் நச்சுப்புகையால் வரும் நோய்களையும் பெருமளவில் சேர்த்தது. வாஷிங்டனில் இந்தப் போருக்கான நினைவுச்சின்னத்துக்கு 2014இல் அனுமதி கிடைத்தது. பணி தொடங்கவே 2022 ஆனது. இதற்கிடையில், முன்னாள் வீரர் நலத்துறை இந்த வீரர்களுக்கென்றே இலவச உடல் பரிசோதனை நடத்துகிறது.