எல்.ஏ. இருந்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் போகிறது? (கேள்வி பதில்)

மின்னல் போன்றவற்றால் லைனில் திடீரென எகிறும் வோல்டேஜை (சர்ஜ்) எர்த்துக்குத் தள்ளி டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும் சாதனமான சர்ஜ் அரெஸ்டர் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. லைன்மேன்கள் சொல்வதுபோல ‘எல்.ஏ.’ (லைட்னிங் அரெஸ்டர்) என்றே எழுதுகிறேன்.

சார், எல்.ஏ. இடியை இழுத்துக்கொள்ளுமா?

இழுக்காது. அது கட்டட உச்சியில் நிற்கும் இடிதாங்கியின் வேலை. எல்.ஏ.வுக்குள் இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லைகள். 11 கே.வி. (கிலோவோல்ட்) லைனில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே இருக்கும் 6.35 கே.வி.யில் அதன் வழியே ஒரு மில்லி ஆம்பியர்கூடப் போகாது. வோல்டேஜ் எகிறினால் ஆயிரக்கணக்கான ஆம்பியரை எர்த்துக்குத் தள்ளிவிட்டு, உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். இடைவெளி வைத்த பழைய சிலிக்கான் கார்பைடு வகை இன்னும் உங்களிடம் இருந்தால், சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

எங்கள் நூற்பாலையில் ஹெச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ். டி.பி. ஸ்ட்ரக்சரில் (இரட்டைக் கம்பத்தில்) மூன்று எல்.ஏ.வும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் சித்திரை மாத இடிமழையில் டிரான்ஸ்ஃபார்மரின் ஹெச்.வி. காயில் (உயர் அழுத்தச் சுருள்) போய்விட்டது. எல்.ஏ. டூப்ளிகேட்டா?

எல்.ஏ. மேல் பழி போடுவதற்கு முன்னால் டேப் எடுத்துக் கம்பியை அளந்து பாருங்கள்.

9 கே.வி., 5 கே.ஏ. (கிலோ ஆம்பியர்) எல்.ஏ. ஒன்று மின்னல் சர்ஜை ஏறக்குறைய 30 கே.வி.யில் அடக்கிவிடும். 11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர் பொதுவாக 75 கே.வி. இம்பல்ஸ் (கண நேர வோல்டேஜ் அடி) தாங்கும். பார்த்தால் தாராளமான இடைவெளி. ஆனால் ஒரு மீட்டர் கம்பிக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. மின்னோட்டம் மைக்ரோ செகண்டுக்கு 10 கே.ஏ. வேகத்தில் ஏறினால், மீட்டருக்கு 10 கே.வி. கூடுகிறது. லைனிலிருந்து எல்.ஏ.வுக்கும், எல்.ஏ. அடியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் டேங்குக்கும் சேர்த்து 4 மீட்டர் கம்பி ஓடினால் 40 கே.வி. ஆயிற்று. முப்பதும் நாற்பதும் எழுபது. எண்ணெயில் ஈரம் சேர்ந்த பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்த 75 என்பதே ஏட்டுக் கணக்குதான்!

இன்னொன்று, சர்ஜ் டிரான்ஸ்ஃபார்மர் முனையில் மோதித் திரும்பும்போது வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எல்.ஏ. தள்ளி டி.பி. கம்பத்தில் இருந்தால், அது அடக்குவதற்குள் காயில் அடி வாங்கிவிடும். டேங்க் மேலேயே, புஷ்ஷிங்குக்கு (லைன் கம்பி டேங்குக்குள் நுழையும் பீங்கான் முனை) பக்கத்தில் எல்.ஏ. வையுங்கள். அதன் எர்த் முனையைக் குட்டைக் கம்பியால் டேங்க் பாடியோடு சேர்த்துவிட்டு, அப்புறம் எர்த் பிட்டுக்கு (எர்த் குழிக்கு) கொண்டுபோங்கள். தனி பிட்டுக்கு மட்டும் இறக்கினால், 10 ஓம் எர்த்தில் 5 கே.ஏ. பாயும்போது ஏறும் 50 கே.வி.யும் காயிலின் தலையில்தான் விழும். எர்த்திங் வேலையை மின்வாரியத்தின் அனுமதியோடு செய்யுங்கள்.

கடையில் 12 கே.வி. எல்.ஏ.தான் இருக்கிறதாம். 9க்குப் பதில் அதைப் போடலாமா அண்ணே?

போடலாம் தம்பி, வெடிக்காது. ஆனால் அடக்கும் வோல்டேஜும் அதே விகிதத்தில் கூடிவிடும், அதாவது பாதுகாப்பு குறையும். நியூட்ரல் நேரடியாக எர்த் ஆன லைனுக்கு 9 போதும். எர்த் ஆகாத சிஸ்டமென்றால் கதை வேறு. ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டால் மற்ற இரண்டும் எர்த்துக்கு எதிரே முழு 11 கே.வி.க்கு ஏறும், அங்கே 9 தாங்காது.

தெரு டிரான்ஸ்ஃபார்மரில் எல்.ஏ. இருக்கிறது. வீட்டில் டி.வி. ஏன் போனது?

அந்த எல்.ஏ. டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்ற வைத்தது. உங்கள் வீட்டு மின் விநியோகப் பெட்டியில் டைப் 2 எஸ்.பி.டி. (சர்ஜ் பாதுகாப்புக் கருவி) ஒன்று வேண்டும். அதன் கம்பிகள் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்கட்டும். ஆனால் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் நெருங்கி வந்தால் எஸ்.பி.டி.யால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஓவர் வோல்டேஜ் ரிலே வேண்டும். டி.வி. போன அன்று இடி இடித்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

எல்.ஏ.வின் எர்த் கம்பி கழன்று தொங்குகிறது. லைன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திரும்பக் கட்டிவிடலாமா?

கூடவே கூடாது. அது தானாகக் கழலவில்லை. எல்.ஏ. உள்ளே பழுதானதும் அடியில் உள்ள டிஸ்கனெக்டர் வெடித்துக் கம்பியைப் பிரித்திருக்கிறது. திரும்பக் கட்டினால் அந்த ஃபேஸ் நேராக எர்த் ஆகி ஃபீடர் ட்ரிப் ஆகும், கட்டுகிறவர் உயிருக்கும் ஆபத்து. பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லி, முறையாக லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்கிப் புது எல்.ஏ. போடச் சொல்லுங்கள். ஏறும்போதே மற்ற இரண்டு ஃபேஸையும் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிடட்டும்.